வலிப்போடு வாழும் வீடுகளுக்கு: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளினிக் வாசலிலும், மாதர் சங்கக் கூட்டங்களிலும், முன்பள்ளிக்குப் பிள்ளையை விட வரும் இடத்திலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறோம். கேள்விகளை மக்கள் கேட்டபடியே விட்டிருக்கிறோம். எந்தக் குளிசை, எத்தனை மில்லிகிராம் என்பதை உங்கள் வைத்தியர்தான் தீர்மானிப்பார். வீட்டிலும் அயலிலும் செய்யக்கூடியவை பற்றியே இங்கு கூடுதலாகச் சொல்கிறோம்.

1. வலிப்பு எண்டா என்ன? பேய் பிடிக்கிறதோ, ஆரும் செய்வினை செய்ததோ?

மூளையின் கலங்கள் மெல்லிய மின்சாரத்தால்தான் வேலை செய்கின்றன. அந்த மின்சாரம் கொஞ்ச நேரத்துக்குக் கட்டுமீறிப் பாய்ந்தால் உடல் வெட்டி இழுக்கும், அல்லது நினைவு தப்பும். அதுதான் வலிப்பு. நீரிழிவு, பிரஷர் போல இதுவும் ஒரு வருத்தம். ஒருவரிலிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. வாயில் வரும் நுரையைத் தொட்டாலும், அவர் சாப்பிட்ட கோப்பையில் சாப்பிட்டாலும் வராது.

உலகத்தில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு இந்த வருத்தம் இருக்கிறது. சரியான மருந்தை ஒழுங்காக எடுத்தால் 10 பேரில் 7 பேர் வலிப்பே வராமல் வாழலாம். பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். மறைப்பதாலும் குளிசையை விடுவதாலும் வரும் துன்பம் வருடக்கணக்கில் நீளும். கீழே உள்ள பதில்களில் பாதி இதைப் பற்றியதுதான்.

2. எங்கட பரம்பரையில ஒருத்தருக்கும் இல்லை. இவனுக்கு மட்டும் எப்பிடி வந்தது?

பிறக்கும்போது மூச்சுத் திணறல், மூளைக்காய்ச்சல், தலையில் பலமான அடி, பாரிசவாதம், மூளைக் கட்டி, பரம்பரை எனக் காரணங்கள் பல. எவ்வளவு தேடினாலும் காரணம் பிடிபடாதவர்களும் நிறையப் பேர். வன்னியில் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: 2009 வரையான சண்டைக் காலத்தில் தலையில் செல் துண்டு பட்டதா, பதுங்குகுழி இடிந்து அடிபட்டதா? மூளையில் விழுந்த தழும்பு பல வருடம் கழித்தும் வலிப்பைக் கொண்டுவரும். காயம் ஆறியாயிற்று என்று அதை வைத்தியரிடம் சொல்லாமல் விடுபவர்கள் பலர். கட்டாயம் சொல்லுங்கள்.

நாள்தோறும் கசிப்புக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், 6 முதல் 48 மணித்தியாலத்துக்குள் வலிப்பு வரலாம். அதற்கு வைத்தியம் வேறு. குடிப்பழக்கத்தை மறைத்தால் தேவையில்லாத குளிசை கையில் கிடைக்கும்.

3. வலி வந்து அடிக்கேக்க கையில இரும்பு, திறப்புக்கோர்வை குடுக்கிறது சரியோ?

இரும்பால் வலிப்பு நிற்காது. கொடுத்ததும் நின்றதுபோல் தெரிவது, அது தானாக முடியும் நேரம் என்பதால்தான். கூரான திறப்பு கையைக் கிழிக்கும். பல்லிடையில் கரண்டியோ தடியோ வைப்பதும் வேண்டாம்: பல் உடைந்து தொண்டைக்குள் போகும், வைப்பவரின் விரலும் கடிபடும். நாக்கை விழுங்கிவிடுவார்கள் என்பது பொய்.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் நேரத்தைப் பாருங்கள், போனில் பார்த்தாலும் சரி. அடுப்பு, கல், மண்வெட்டி, கத்தி போன்றவற்றை அப்புறப்படுத்துங்கள். தலைக்குக் கீழே மடித்த சாரமோ சீலையோ வையுங்கள். கழுத்துப் பொத்தானைக் கழற்றுங்கள், கண்ணாடி போட்டிருந்தால் எடுங்கள். கை காலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். அமுக்கினால் தோள்மூட்டு விலகும், வலிப்பு நிற்காது. இழுப்பு நின்றதும் ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வைத்து, தலையைச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்து, வாய் நிலத்தை நோக்கி இருக்கும்படி விடுங்கள். எச்சிலும் வாந்தியும் வெளியே வடிந்து மூச்சுக்குழாய் திறந்திருக்கும். இழுக்கும்போதே வாந்தி வந்தால் அப்போதே சரியுங்கள்.

முழு நினைவு வரும்வரை தண்ணீர், சோடா, குளிசை எதுவும் வாயில் ஊற்ற வேண்டாம். முகத்தில் வாளித் தண்ணீர் அடிப்பதும், வெங்காயம் அல்லது செருப்பை மணக்கக் கொடுப்பதும் பயனில்லை. பிறகு அரை மணி, ஒரு மணி நேரம் குழம்பியும் தூங்கியும் கிடப்பார். சிறுநீர் போயிருந்தால் ஒரு துணியால் மூடி, சுற்றி நிற்கும் சனத்தை அனுப்பிவிட்டு, ஒருவர் மட்டும் பக்கத்தில் இருங்கள். கண் திறக்கும்போது முதலில் தெரிய வேண்டியது பழகிய ஒரு முகம்.

4. எப்ப ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடோணும்? எங்கட உள்வீதிக்கு அம்புலன்ஸ் வருமோ?

இழுப்பு 5 நிமிடத்தைத் தாண்டினால், நினைவு வராமலே அடுத்தது தொடங்கினால், முதன்முதலாக வந்ததென்றால், தண்ணீருக்குள் வந்ததென்றால், தலை அடிபட்டிருந்தால், கர்ப்பிணியென்றால், நீரிழிவு உள்ளவரென்றால், இழுப்பு நின்றும் மூச்சு சரியாக வராவிட்டால் உடனே ஆஸ்பத்திரி. ஏற்கெனவே வலிப்பு நோய் உள்ளவருக்கு வழமைபோல் இரண்டு நிமிடத்தில் முடிந்த வலிப்புக்கு ஒவ்வொரு முறையும் ஓடத் தேவையில்லை.

1990 இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். வீட்டு இலக்கத்தை விட அடையாளமே உதவும்: எந்தச் சந்தி, எந்தக் குளக்கட்டு, எந்தக் கோயில் என்று சொல்லி, ஒருவரை மோட்டார் சைக்கிளில் பிரதான வீதிக்கு அனுப்புங்கள். முத்தையன்கட்டு, துணுக்காய்ப் பக்கத்து உள்வீதிகள் மழையில் மோசமாகும். அப்போது ஓட்டோவில் புறப்பட்டு வழியில் அம்புலன்ஸைச் சந்திப்பது நல்லது. ஓட்டோவில் நிமிர்த்தி இருத்திப் பிடிக்காதீர்கள், தலை மடிந்து மூச்சு அடைபடும். இருவர் ஏறி, ஒருவர் மடியில் தலையை வைத்துப் பக்கமாகச் சரித்துப் பிடியுங்கள்.

சில பிள்ளைகளுக்கு, நீண்ட வலிப்பை வீட்டிலேயே நிறுத்த மலவாயிலால் செலுத்தும் டயசிபாம் மருந்தை வைத்தியர் எழுதித் தருவார். ஆஸ்பத்திரி தூரமென்றால் அதைப் பற்றிக் கேளுங்கள்.

5. காய்ச்சல் வந்தா மட்டும் பிள்ளைக்கு வலி வருது. இதுவும் வலிப்பு நோயோ?

6 மாதம் முதல் 5 வயது வரையான பிள்ளைகளுக்கு வரும் காய்ச்சல் வலிப்பு வேறு. மூன்றில் ஒரு பிள்ளைக்குத் திரும்ப வரலாம், ஆனால் பெரும்பாலானவர்களுக்கு வளர வளர நின்றுவிடும். பரசிற்றமோல் காய்ச்சலின் அவதியைக் குறைக்கும். வலிப்பைத் தடுக்கும் என்று நம்பி அதிகம் கொடுக்க வேண்டாம். முதல்முறை வந்தால் கட்டாயம் காட்டுங்கள், மூளைக்காய்ச்சலா என்று பார்க்க வேண்டும். முதலுதவி மூன்றாவது பதிலில் சொன்னதுதான்.

6. விழாமலே வலிப்பு வருமோ? ரீச்சர் சொல்றா, பிள்ளை வகுப்பில வெறிச்சுப் பாத்துக்கொண்டு இருக்குதாம்.

வரும். சில பிள்ளைகள் 5 முதல் 15 செக்கன் வரை கல்லாகிப்போய், உடனே விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கும். ஒரு நாளில் பல தடவை இப்படி வரலாம். கனவு காணும் பிள்ளையின் தோளைத் தொட்டால் திரும்பும். இந்தப் பிள்ளை திரும்பாது. "கவனமில்லாத பிள்ளை" என்று அடிவாங்கும் பிள்ளைகளில் இப்படியானவர்களும் இருக்கிறார்கள் என்பது மனதைச் சுடும் விஷயம்.

இன்னொரு வகையில் உதட்டைச் சப்புவார், சட்டையைப் பிசைவார், ஒன்றிரண்டு நிமிடம் இலக்கில்லாமல் நடப்பார். பைத்தியம், வெறி என்று பிடித்துக் கட்டக் கூடாது. மறித்தால் உதறுவார். கிணற்றுப் பக்கமும் வீதிப் பக்கமும் போகாதபடி அருகில் நடந்து மெதுவாகத் திருப்புங்கள். முடிந்தால் போனில் வீடியோ எடுங்கள். வாய்விவரத்தை விட 30 செக்கன் வீடியோ வைத்தியருக்குக் கூடுதலாகச் சொல்லும். முகமும் கைகளும் தெரிய வேண்டும். அந்த வீடியோ வைத்தியரைத் தவிர வேறு எவருக்கும் போகக் கூடாது.

7. ஸ்கான் எல்லாம் நல்லம் எண்டினம். பிறகேன் குளிசை?

ஸ்கான் மூளையின் அமைப்பைக் காட்டும், மின்சாரத்தைக் காட்டாது. மின்சாரத்தைப் பார்ப்பது ஈ.ஈ.ஜி. அதுவும் எடுக்கும் நேரத்தில் நடப்பதை மட்டும் காட்டுவதால், நோய் உள்ளவருக்கும் சாதாரணமாக வரலாம். எனவே நோயைத் தீர்மானிப்பதில் கண்ணால் கண்டவர் சொல்லும் விவரமே முதலிடம். விழுந்ததைப் பார்த்தவரைக் கிளினிக்குக் கூட்டிப் போங்கள்.

ஈ.ஈ.ஜிக்குப் போகுமுன் தலையைச் சவர்க்காரம் போட்டு முழுகி, எண்ணெய் வைக்காமல் போக வேண்டும். எண்ணெய்த் தலையில் கம்பி ஒட்டாது, திகதி வீணாகும். நித்திரை முழித்து வரச் சொன்னால் அப்படியே செய்யுங்கள். குளிசையை நிறுத்தச் சொல்லாதவரை நிறுத்தாதீர்கள்.

எம்.ஆர்.ஐ எழுதினால், உடம்பில் எங்காவது செல் துண்டோ ரவையோ இருப்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். அந்த இயந்திரம் பெரிய காந்தம். கண்ணருகிலோ மூளையிலோ உள்ள இரும்புத் துண்டு அசைந்தால் ஆபத்து. சி.ரி ஸ்கானுக்கு இந்தப் பயம் இல்லை.

8. ரெண்டு மாசமா வரேல்லை. குளிசையை நிப்பாட்டலாமோ?

வேண்டாம். வராமல் இருப்பதே குளிசை வேலை செய்வதால்தான். திடீரென்று நிறுத்தினால் முன்பை விடப் பலமாக, நிற்காத தொடர் வலிப்பாக வரலாம். உயிர் போகும் ஆபத்து அதில்தான் இருக்கிறது. பொதுவாகக் குறைந்தது இரண்டு வருடம் ஒரு வலிப்பும் இல்லாமல் இருந்த பிறகே நிறுத்துவது பற்றி வைத்தியர் யோசிப்பார். அப்போதும் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். தலையில் காயத் தழும்பு உள்ளவர்களுக்குக் கூடுதல் காலம் தேவைப்படலாம்.

9. ஒரு நேரக் குளிசை மறந்து போச்சு. நாளைக்கு ரெண்டாப் போடவோ?

இரண்டாகப் போடாதீர்கள். ஞாபகம் வந்தவுடன் அந்த நேரத்துக்குரியதைப் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் அதை மட்டும் எடுங்கள். மறதிக்கு நல்ல மருந்து, ஏதாவது ஒரு நாளாந்த வேலையோடு கட்டுவது: காலைத் தேத்தண்ணி, இரவுச் சாப்பாடு. கிழமைக்குரியதை 14 சின்னப் பொலித்தீன் பைகளில் போட்டு நாள் எழுதி வைத்தால், போட்டாயிற்றா என்ற சண்டை வராது.

வைக்கும் இடமும் முக்கியம். தகரக் கூரைக்குக் கீழே சூட்டிலும், அடுப்பு ஆவியிலும் வைக்க வேண்டாம். காபமசெப்பின் என்ற வலிப்புக் குளிசை ஈரம் பிடித்தால் வலுவில் மூன்றில் ஒரு பங்கு வரை இழக்கக்கூடும். குளிசை போட்டும் வலிப்பு வருகிறது என்றால் முதலில் பேணியைப் பாருங்கள். மெதுவாகக் கரையும் குளிசைகளை உடைக்கவோ அரைக்கவோ கூடாது.

10. கிளினிக்கில குளிசை முடிஞ்சுதெண்டா, வெள்ளத்தில ரோட்டு மூடினா என்ன செய்யிறது?

2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கின. 2022 நெருக்கடியில் நாடு முழுவதும் மருந்து தட்டுப்பட்டது. ஆகவே ஒரு கிழமைக்குரிய குளிசை எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும். கார்த்திகை தொடங்கும்போது இரண்டு கிழமைக்காக்கி, கிளினிக் கொப்பியோடு பொலித்தீனில் இறுகக் கட்டி உயரத்தில் வையுங்கள். பழையதை முதலில் எடுத்து, புதியதைக் கையிருப்பில் வையுங்கள்.

கிளினிக்கில் இல்லையென்றால் வெளியில் வாங்கத் துண்டு எழுதித் தரச் சொல்லுங்கள். பாமசியில் நிறமும் கம்பனியும் மாறினால், மருந்தின் பெயரும் மில்லிகிராமும் ஒன்றா என்று கொப்பியோடு ஒப்பிடுங்கள். 200 எழுதிய இடத்தில் 400 கிடைத்தால் மயக்கமும் தள்ளாட்டமும் வரும். பக்கத்து வீட்டு வலிப்புக் குளிசையைக் கடன் வாங்க வேண்டாம்; பெயர் வேறாகவே இருக்கும். குளிசை தீர ஒரு கிழமை இருக்கும்போதே, திகதி வராவிட்டாலும், கிளினிக்குக்குப் போகலாம்.

11. குளிசை போட்டதிலயிருந்து தூங்கி வழியிறான், முரசும் வீங்குது. குளிசை ஒத்துவரேல்லைப் போல?

பீனோபாபிற்றோன் தூக்கம் தரும், பிள்ளைகளுக்கு முரட்டுத்தனமும் தரலாம். பெனிற்றோயினால் முரசு தடிக்கும்; நாளும் இரண்டு தரம் பல் துலக்கினால் குறையும். வல்புரோயேற்றால் உடல் பெருக்கும், முடி கொட்டும். லெவெற்றிரசிற்றத்தால் சிலருக்கு எரிச்சலும் மனச்சோர்வும் வரும். இவை எல்லாவற்றுக்கும் அளவையோ மருந்தையோ மாற்ற வழி உண்டு. கொப்பியில் எழுதிக் கொண்டு போய்ச் சொல்லுங்கள், நீங்களே விட்டுவிடாதீர்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு: புதுக் குளிசை தொடங்கி முதல் இரண்டு மாதத்துக்குள் உடம்பில் சிவந்த தடிப்பு, வாய்ப்புண், கண் சிவப்பு, காய்ச்சல் வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குளிசை மட்டையையும் கொண்டு போங்கள். சில மருந்துகளுக்கு அரிதாக வரும் இந்த ஒவ்வாமை தோலையே உரிக்கும்.

12. நூல் கட்டினம், பரியாரியாரிட்டயும் போனம். ரெண்டையும் சேத்துச் செய்யலாமோ?

திருநீறு போடுவதும், நேர்த்தி வைப்பதும், மடுமாதாவிடம் போவதும் மனதுக்குத் தெம்பு. அதை விடச் சொல்ல மாட்டோம். கேட்பது ஒன்றே: குளிசையை நிறுத்தச் சொல்பவரின் பேச்சை அந்த ஒரு விஷயத்தில் கேட்காதீர்கள். பெயரில்லாத பொடியும் உருண்டையும் வேண்டாம், உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது. சூடு வைப்பது, புகை போடுவது, அடிப்பது எந்த நம்பிக்கையிலும் ஏற்கக்கூடியதல்ல.

விரதத்தில் சாப்பாட்டை விட்டாலும் குளிசையையும் அதற்குரிய தண்ணீரையும் விடக் கூடாது. நோன்பு பிடிப்பவர்கள், குளிசை நேரத்தை மாற்ற முடியுமா என்று ஒரு மாதம் முன்பே வைத்தியரைக் கேட்க வேண்டும்.

13. இரவு வயல் காவலுக்குப் போகலாமோ? யானை வருதே.

போகாமல் இருப்பதுதான் நல்லது. நித்திரைக் குறைவைப் போல வலிப்பைக் கூப்பிடும் காரணம் குறைவு, அதிலும் பரணில் இருந்து விழுந்தால் உயிராபத்து. அயல் வயல்காரருடன் முறை மாற்றுங்கள்: அவர் இரவுக் காவல், இவர் பகலில் வரம்பு வேலையும் தண்ணீர் கட்டுவதும். மழைக்காலக் காலபோகத்தில் பல வீடுகளில் வலிப்பு கூடுவதாகச் சொல்வார்கள். மழையைக் குறை சொல்லுமுன் அந்தக் கிழமை எத்தனை இரவு முழித்தார் என்று எண்ணிப் பாருங்கள்.

வற்றாப்பளைப் பொங்கலும் சிவராத்திரியும் அப்படியே. கோயிலுக்குப் போகலாம், முழு இரவும் முழிக்க வேண்டாம். அடுத்த நாள் பகலில் தூங்கிச் சரிக்கட்டலாம் என்பது இந்த வருத்தத்தில் சரிவராது. கருக்கலில் எழும்பிப் படிக்கும் பிள்ளை இரவு வேளைக்குப் படுக்க வேண்டும்.

14. வீட்டில எதை எதை மாத்தோணும்? எங்களிட்டக் காசு இல்லை.

காசு அதிகம் வேண்டியதில்லை. முதலில் கிணறு. கட்டில்லாத கிணறென்றால் குறைந்தது 3 அடி உயரக் கட்டு, முடியாவிட்டால் தடியும் முட்கம்பியும் கொண்ட வேலி. தண்ணீர் அள்ளுவது வேறு ஒருவரின் வேலை. குளிப்பது கிணற்றிலிருந்து தள்ளி, கல்லில் இருந்து, வாளியால். குளத்திலும் வாய்க்காலிலும் தனியே குளிக்கக் கூடாது; முழங்கால் தண்ணீரிலும் முகம் குப்புற விழுந்தால் போதும்.

அடுத்தது நெருப்பு. நிலத்து அடுப்பில் குந்தியிருந்து சமைப்பவர் விழுந்தால் நேரே தணலில்தான் விழுவார். அடுப்பை மேடையில் வைத்து முன்னால் செங்கல் வரிசை ஒன்று கட்டுங்கள். கஞ்சி வடிப்பதையும் கொதிநீர் இறக்குவதையும் மற்றவர் செய்யட்டும். குப்பி விளக்கை விட்டு ரோச் அல்லது சோலார் விளக்குக்கு மாறுங்கள்.

கட்டிலை விட நிலத்தில் பாய் நல்லது. மலசலகூடக் கதவுக்கு உள்கொண்டி போடாமல், வெளியே ஒரு துணியைத் தொங்கவிட்டு ஆள் இருப்பதைக் காட்டுங்கள். கதவு வெளிப்பக்கம் திறந்தால் விழுந்தவர் கதவை அடைக்க மாட்டார்.

15. சைக்கிள், மோட்டச்சைக்கிள், கடல் தொழில்?

வலிப்பு கட்டுக்குள் வந்து வைத்தியர் சம்மதிக்கும்வரை மோட்டார் சைக்கிள், உழவு இயந்திரம், லாண்ட்மாஸ்டர் எதுவும் ஓட்டக் கூடாது. அனுமதிப்பத்திரத்துக்கான மருத்துவப் பரிசோதனையில் மறைக்கவும் கூடாது. ஏ-9 வீதியில் எதிரே வருபவருக்கும் உயிர் உண்டு. சைக்கிளை உள்வீதியில், துணையோடு. தென்னை, பனை ஏறுவதும், சூடடிக்கும் இயந்திரத்தில் கதிர் கொடுப்பதும், கடலட்டைக்குச் சுழியோடுவதும் வேண்டாம். களப்பிலோ கடலிலோ போவதென்றால் மிதவைச் சட்டையும், விவரம் தெரிந்த கூட்டாளியும் வேண்டும். தோட்டம், கோழி, தையல், கடை, பாய் பின்னல், அலுவலக வேலை எல்லாம் செய்யலாம். "ஒண்டும் செய்யாமல் இரு" என்று மூலையில் வைப்பது மெல்லக் கொல்லும்.

16. பள்ளிக்கூடத்துக்குச் சொன்னா பிள்ளையை ஒதுக்கிப்போடுவினமே?

சொல்லாமல் விட்டு நடு வகுப்பில் விழுந்தால் எல்லாப் பிள்ளையும் பயந்து ஓடும், ஒதுக்கல் அன்றுதான் தொடங்கும். வகுப்பாசிரியரிடமும் அதிபரிடமும் ஒரு தாள் கொடுங்கள்: எப்படி வலிப்பு வரும், எத்தனை நிமிடம், மூன்றாவது பதிலில் சொன்ன முதலுதவி, எப்போது 1990, யாருக்கு அழைக்க வேண்டும். வகுப்பில் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் முதலுதவியைப் பாடமாகச் சொல்லிக் கொடுத்தால், விழும் பிள்ளையின் பெயர் சொல்லத் தேவையே வராது. விளையாட்டிலிருந்து ஒதுக்க வேண்டாம், ஓடலாம், பந்தடிக்கலாம். மரமேறுதலும், கண்காணிப்பில்லாத நீச்சலுமே கூடாது.

17. பெட்டைக்குக் கலியாணம் பேசினம். மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லோணுமோ? பிள்ளைக்கும் வருமோ?

சொல்ல வேண்டும், நிச்சயத்துக்கு முன்பே. மறைத்துக் கட்டினால் குளிசையையும் மறைக்க வேண்டி வரும். கலியாணக் கிழமையின் நித்திரையின்மையும் விட்ட குளிசையும் சேர்ந்து புதுவீட்டில் விழுத்தும். அந்தப் பிள்ளையை ஏமாற்றுக்காரி என்று திருப்பி அனுப்பும் கொடுமை அங்கேதான் தொடங்குகிறது. சொல்லி மறுத்தவர் போகட்டும். ஆண்பிள்ளைக்கு வருத்தம் என்றால் மறைத்துவிட்டு, பெண்பிள்ளைக்கென்றால் கலியாணமே வேண்டாம் என்பதும் நியாயமில்லை.

எவருக்கும் பிறக்கும் பிள்ளைகளில் 100க்கு ஒன்றிரண்டுக்கு வாழ்நாளில் வலிப்பு நோய் வரலாம். பெற்றாரில் ஒருவருக்கு இருந்தால் பெரும்பாலும் அது 4 அல்லது 5. மீதி 95 பிள்ளைகளுக்கு வராது.

18. வயித்தில பிள்ளை தங்கீற்றுது. குளிசை பிள்ளையைப் பாதிக்கும் எண்டு விட்டிட்டன், சரியோ?

விட்டது ஆபத்து. இன்றே கிளினிக்குக்குப் போங்கள், குடும்பநல உத்தியோகத்தரிடமும் சொல்லுங்கள். நீண்ட வலிப்பு தாய்க்கும் பிள்ளைக்கும் கேடு. ஆனால் எந்தக் குளிசை என்பது மிக முக்கியம். வல்புரோயேற் எடுக்கும் தாய்மாரின் 10 பிள்ளைகளில் ஏறத்தாழ ஒன்றுக்குப் பிறவிக் குறைபாடும், 10இல் 3, 4 பேருக்கு வளர்ச்சி, படிப்பில் பின்னடைவும் வரலாம். அதனால் பிள்ளைப்பேற்று வயதுப் பெண்கள் அந்தக் குளிசையில் இருந்தால், கருத்தரிக்குமுன்பே மாற்றுவது பற்றிப் பேச வேண்டும். போலிக் அசிட்டும் கருத்தரிக்குமுன்பே தொடங்க வேண்டும். வலிப்புக் குளிசை எடுப்பவர்களுக்கு வழக்கமாக 5 மி.கி. எழுதுவார்கள்.

காபமசெப்பின், பெனிற்றோயின், பீனோபாபிற்றோன் மூன்றும் கருத்தடைக் குளிசையையும் கைத்தோலுக்குள் வைக்கும் கருத்தடைக் குச்சியையும் வலுவிழக்கச் செய்யும். கருப்பைக்குள் வைக்கும் லூப்பைப் பாதிக்காது. பிறந்தபின் தாய்ப்பால் கொடுக்கலாம், நிலத்தில் சுவரில் சாய்ந்திருந்து. பிள்ளையைத் தனியே குளிப்பாட்ட வேண்டாம். இரவில் ஒரு தரமாவது வேறொருவர் பிள்ளையைப் பார்த்துத் தாயைத் தூங்க விட வேண்டும். ஏன் என்பது 13இல்.

19. அவளுக்குச் சண்டைக்காலக் கதை கதைச்சா மட்டும் வருது, கண்ணை மூடிக்கொண்டு கனநேரம் துடிக்கிறாள். நடிக்கிறாளோ?

நடிப்பு இல்லை. மின்சாரக் கோளாறு இல்லாமல், மனம் தாங்காததை உடம்பு காட்டும் வலிப்பும் உண்டு. கண் இறுக மூடியிருப்பது, தலை பக்கவாட்டில் ஆடுவது, கூடிக் குறைந்து 10, 20 நிமிடம் நீள்வது, அழுகை ஆகியவை அதன் அறிகுறிகள். வீட்டில் இருந்து பிரித்தறிய முடியாது, இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம். வீடியோவோடு வைத்தியரிடம் போங்கள். இதற்கு வலிப்புக் குளிசை உதவாது. மாவட்ட வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவில் தரும் பேச்சுவழிச் சிகிச்சை உதவும். அடிப்பதும் கேலி செய்வதும் வலிப்பைக் கூட்டும்.

20. ரெண்டு மூண்டு குளிசை மாத்தியும் நிக்கேல்லை.

முதலில் மூன்றைச் சரிபாருங்கள்: குளிசை தவறுகிறதா, நித்திரை போதுமா, குடி இருக்கிறதா. இவை சரியாக இருந்து, பொருத்தமான இரண்டு மருந்துகள் போதிய அளவில் எடுத்தும் நிற்காவிட்டால், நரம்பியல் நிபுணரிடம் அனுப்பும்படி கேளுங்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் நரம்பியல் பிரிவு இருக்கிறது. சிலருக்குச் சத்திரசிகிச்சையும் பொருந்தும். போகும்போது மூன்று மாத வலிப்புக் குறிப்பு வேண்டும்: திகதி, நேரம், எத்தனை நிமிடம், நித்திரையிலா முழிப்பிலா, தவறிய குளிசை, மாதவிடாய் நாள். கலண்டரில் புள்ளடி போட்டாலும் போதும்.

21. நித்திரையில செத்துப்போவினம் எண்டு ஒராள் சொன்னவர். உண்மையோ?

உண்மை, ஆனால் அரிது: வலிப்பு நோயுள்ள பெரியவர்களில் வருடத்துக்கு 1000 பேரில் ஒருவர் அளவு. அடிக்கடி இரவில் பெரிய வலிப்பு வருபவர்களுக்கே பயம் கூட. குளிசை தவறாமல் எடுப்பதும், ஒரே அறையில் ஒருவர் படுப்பதும் ஆபத்தைக் குறைக்கும்.

22. எங்கட ஊரில குழு ஒண்டு தொடங்கிறது எப்பிடி? முந்தித் தொடங்கினது நிண்டு போச்சு.

5 முதல் 8 குடும்பம் போதும். பெயர்ப்பட்டியல் தேடி வீடு வீடாகப் போகாதீர்கள், அதுவே மறைப்பவர்களைத் துரத்தும். குடும்பநல உத்தியோகத்தருக்கும் கிளினிக் தாதிக்கும் சொல்லிவையுங்கள். அவர்கள் குடும்பத்திடம் கேட்டு, விரும்பினால் அனுப்பட்டும். "வலிப்பு நோயாளர் சங்கம்" என்று பலகை தொங்கவிட வேண்டாம். பொதுநோக்கு மண்டபத்தில் "முதலுதவிப் பயிற்சி" என்று ஊர் முழுவதையும் கூப்பிட்டால் ஒளித்திருந்தவர்களும் வருவார்கள். ஓட்டோக்காரர், கடைக்காரர், ஐயர், பாதர் எல்லோரும் பழகுவார்கள். பாயை விரித்து, ஒருவரைக் கிடத்தி, பக்கமாகச் சரிப்பதை ஒவ்வொருவரும் கையால் செய்து பார்க்க வேண்டும். கேட்டுப் பழகியவருக்குக் கலவர நேரத்தில் கை வராது.

பிறகு மாதம் ஒரு முறை, ஒன்றரை மணி நேரம், கிளினிக் நாளுக்கு இரண்டு மூன்று நாள் முன்பாக. அப்போது கொப்பி, குளிசைக் கையிருப்பு, வைத்தியரிடம் கேட்க வேண்டியவை மூன்றையும் சரிபார்க்கலாம். நான்கு குடும்பம் ஒரே நாளில் திகதி எடுத்தால் ஒரே வாகனத்தில் போகலாம், கூலி பங்காகும். விதைப்பும் அறுவடையும் நடக்கும் கிழமைகளில் வைக்காதீர்கள். இங்கே கதைத்தது வெளியே போகாது என்பதை ஒவ்வொரு கூட்டமும் சொல்லித் தொடங்குங்கள். கலியாணமாகாத பிள்ளைகள் உள்ள வீடுகள் இதை வைத்தே உங்களை நம்பும்.

நின்றுபோவதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, கூட்டம் உதவிப் பொருள் பதிவு செய்யும் இடமாகி, பொருள் நின்றதும் சனமும் நிற்பது. மற்றது, எல்லா வேலையையும் ஒருவரே சுமந்து களைப்பது. வேலையைப் பிரியுங்கள்: ஒருவர் குளிசைக் கையிருப்பை விசாரிப்பார், ஒருவர் கிளினிக் பயணம், ஒருவர் வராதவரின் வீட்டுக்குப் போவார். ஆளுக்குச் சிறு தொகை போட்டு வைக்கும் காசு அவசர ஓட்டோக் கூலிக்கு மட்டும். இரண்டு பேர் கையெழுத்தில்லாமல் எடுக்க முடியாது, கணக்கு எல்லோர் முன்னும் வாசிக்கப்படும். கடன் கொடுக்கத் தொடங்கினால் குழு உடையும்.

23. அரசாங்க உதவி ஏதும் கிடைக்குமோ?

அரச வைத்தியசாலைக் கிளினிக்கும் குளிசையும் இலவசம். அஸ்வெசும திட்டத்தில் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கொடுப்பனவு உண்டு. வலிப்பு என்ற பெயரை மட்டும் நம்பிப் போகாமல், வேலை செய்ய முடியாத நிலையை வைத்திய அறிக்கையில் தெளிவாக எழுதுவியுங்கள். கிராம சேவையாளரிடம் தொடங்கி, பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். எல்லாவற்றிலும் போட்டோக் கொப்பி ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

24. நான் தனியத்தான் பிள்ளையைப் பாக்கிறன், அவர் இல்லை. எனக்கு ஆர்?

வன்னியில் இந்தக் கேள்வி அதிகம். இரவிரவாகக் காது கொடுத்துப் படுக்கும் தாய், ஒரு கலியாண வீட்டுக்குக்கூடப் போகாமல் கிடப்பார். குழுவில் (22) முதலில் ஒழுங்கு செய்ய வேண்டியது இதுதான்: கிழமையில் ஒரு அரைநாள், முதலுதவி பழகிய ஒரு அயலவர் பிள்ளையோடு இருப்பது, தாய் வெளியே போவது. சந்தைக்கோ, கோயிலுக்கோ, வெறுமனே நித்திரை கொள்ளவோ. ஓரிரண்டு முறை பழகினால் பிள்ளையும் பழகிவிடும்.

அழுகை நிற்காமல், சாப்பாடு இறங்காமல், வாழ்ந்து என்ன என்று தோன்றினால் 1926 இலக்கத்துக்கு அழைக்கலாம், தேசிய மனநல உதவி அழைப்பு அது. நோயுள்ளவருக்கும் இப்படித் தோன்றலாம், இந்த வருத்தத்தோடு மனச்சோர்வு அடிக்கடி சேர்ந்து வரும். அந்த நாட்களில் பூச்சிமருந்துப் போத்தலையும் மாதக் குளிசை முழுவதையும் வீட்டில் வைக்க வேண்டாம். குளிசையைக் கிழமைக் கணக்கில் பிரித்து, மிச்சத்தை நம்பிக்கையான அயல்வீட்டில் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமையில் வாங்கிக்கொள்ளுங்கள்.